அலிபிரியில் யாரோ கட்டிவிட்டுப் போன நாய்

கண்ணு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, பேனாவைத் திறப்பதற்கு முன்னால் மனசு ரயிலேறிவிட்டது. எழுதி என்ன ஆகப்போகிறது, நேரே திருத்தணிக்கு வந்து நின்றுவிடலாம் என்று டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். புடவையை மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துக் கொடியில் போட்டேன். உன் நைனா ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அப்படியே நாள் கடந்துவிட்டது. தாமதத்துக்கு அதுதான் காரணம். இந்தக் கடிதத்தை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையும் படிக்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, ஏழு வயதுப் பெண் குழந்தை இருக்கிற வீட்டுக்கு, தெரிந்துதான் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் அழுதேன். நைனா, "அவளுக்குத் தெரியும், வுடு" என்றார். இப்போது நீ எழுதியிருக்கிறாய்: அந்தக் குழந்தை கோமளா உன் பக்கமே வருவதில்லை. நீ கூடத்துக்குப் போனால் அவள் தோட்டத்துக்குப் போகிறாள். நீ போட்ட சோற்றை, நீ அந்த இடத்தைவிட்டு நகரும்வரை தொடுவதில்லை. பாவாடை தைத்துக் கொடுத்தாய், அது மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கொஞ்ச நாளைக்கு அவளை அவள் அம்மாவைப் பெற்றவர்களிடமே விட்டுவைக்கலாமா என்கிறார். "நான் அவளுக்கு என்ன செய்தேன் அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை இதே குரலில் நீ பதின்மூன்று வயதில் புழக்கடையில் நின்று கேட்டிருக்கிறாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. தூடா நம் வீட்டுக்கு வந்த புதுசு அது.

ஆகையால் உனக்கு நான் தூடாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். தாயில்லாக் குழந்தையைப் பற்றிக் கேட்டால் இந்த அம்மாள் நாயைப் பற்றி எழுதுகிறாளே என்று மாப்பிள்ளை நினைத்தால், எங்கள் வீட்டில் அதை யாரும் நாய் என்று சொல்லிப் பழக்கமில்லை என்று நீயே சொல்லிவிடு.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த வருஷம் அது. நகரியில் தறி ஓட்டிய குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்து, திருப்பதியில் சர்க்கார் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த உன் நைனாவுக்கு அதுவரை நாடு என்றால் ஆபீஸும் வீடும்தான். திடீரென்று தெருவில் எல்லோரும் வரைபடம் பேச ஆரம்பித்தார்கள். சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, புத்தூர் எந்தப் பக்கம் போகும் என்று காபிக் கடையில் மேஜைமேல் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டுக் காட்டுவார்களாம். நைனாவின் ஆபீஸில் பாதிப் பேர் மதராஸுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மீதி இருக்கிற தமிழ்க்காரர்கள் தெலுங்குப் பரீட்சை தேற வேண்டும், இல்லாவிட்டால் எங்கே தூக்கிப்போடுவார்களோ தெரியாது என்று பேச்சு. உன் நைனாவுக்குத் தெலுங்கில் பேரம் பேசத் தெரியும், சண்டை போடத் தெரியும், எதிராளியைச் சிரிக்கவைக்கத் தெரியும். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. பஸ்ஸில் போர்டைப் படிக்க முடியாமல் கண்டக்டரைக் கேட்பாரே, அந்த மாதிரி.

நானோ பயத்தாலேயே செய்தவள். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. இன்டர்மீடியட்டில் தர்க்க சாஸ்திரம் படித்திருந்தேன். அந்தப் படிப்பெல்லாம், ஏன் பயப்பட வேண்டும் என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் உதவியது. நீ தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். பதின்மூன்று வயதிலும் வைத்தேன். ஒருநாள் நீ கண்ணைத் திறந்து, "இன்னும் இருக்கேம்மா, போய் படு" என்றாயே. நைனாவை எங்கேயாவது மாற்றிவிட்டால் நாம் இரண்டு பேரும் தனியாக இருக்க வேண்டிவருமே என்ற கவலையில்தான், நல்லதாகக் குரைக்கிற ஒரு நாய் வாசலில் இருந்தால் தேவலை என்று எனக்கு முதலில் தோன்றியது. அது மட்டும் என் யோசனை. மற்றதெல்லாம் உன்னுடையது.

புரட்டாசிச் சனிக்கிழமை. மலைக்குப் படியேறிப்போய்த் தரிசனம் பண்ணிவிட்டுப் படி வழியாகவே இறங்கி அலிபிரிக்கு வந்தோம். கால் இரண்டும் எனக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. நீ எங்களுக்கு முன்னால் ஓடிப்போய், தேங்காய் கற்பூரக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றுவிட்டாய். அடிவாரத்துக்கு வருகிறவர்களோடு ஊரிலிருந்து நாய்கள் தொடர்ந்து வந்துவிடும். மலைக்குக் கூட்டிப்போக முடியாதே, கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டு ஏறிவிடுவார்கள். திரும்பும்போது பஸ்ஸில் இறங்கி, அப்படியே ரயிலைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சிலர் மறந்து, சிலர் மறந்த மாதிரி. அப்படி நின்றுபோன நாய்களுக்கும் கன்றுகளுக்கும்தான் அந்தக் கொட்டகை. ஒரு வியாபாரி தர்மத்துக்குத் தவிடும் நொய்யும் அனுப்புவார். மங்கம்மா என்று ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டாள். இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் எப்போதும் வெற்றிலை.

"ஏமம்மா, பாப்பாவுக்கு நாயா? தா, இத்தப் பாரு" என்று ஒரு செவலை நாயை இழுத்துவந்தாள். "இது வாசல்ல நின்னுச்சுன்னா போலீசு வேணாம். எங்க வூட்டு ஆம்பளையே ரெண்டு தபா கடிபட்டுக்கினான்."

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. நீயோ கொட்டகையின் கோடியில், சுவரும் சுவரும் சேருகிற மூலையில், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாம்பல் நிற முதுகைக் காட்டினாய்.

"அதுவா? அது ஒதவாது பாப்பா. கத்தாது. கூப்ட்டா திரும்பாது. ஜனம் ஏறிக்கினே இருக்க எடத்துல, கற்பூரக்கடைக் கம்பத்துல நாளெல்லாம் கட்டிக்கெடந்துச்சு. கயித்தை அவுத்துக்கினு வரச்சே ஒண்ணுக்குப் போயிடுச்சு. நாங்க அத்தப் பிரிகிதின்னு கூப்புடுறோம்" என்றாள் மங்கம்மா. பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம்.

"எனக்கு அதுதான் வேணும்" என்றாய்.

"இன்னாத்துக்கு?" என்றார் நைனா. "நம்ப கதையே எந்த ஊருக்கோன்னு கெடக்குது. கொரைக்காத நாயை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? அது நம்மளைக் காவல் காக்குமா, நம்ப அத்தக் காக்கணுமா?"

"நம்பதான் காக்கணும்" என்று சொல்லிவிட்டு நீ கொட்டகைக்குள் போய்விட்டாய். மங்கம்மா சிரித்துவிட்டு, கார்த்திகை தீபம் முடியட்டும், வந்து பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் நானே கொண்டுபோய்விடுகிறேன் என்று ஒரு கெடு வைத்து அனுப்பினாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு நாங்கள் செய்த காரியம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றும். பக்கத்து வீட்டு சரோஜம்மா ஓடிவந்து, "ஐயோ, புதுசா உயிர் வருது, ஆலம் சுத்தாம உள்ள வுடுவாங்களா?" என்றாள். மாடு வாங்கி வந்தால் சுற்றுகிறோம், மருமகள் வந்தால் சுற்றுகிறோம், நாய்க்கு மட்டும் என்ன என்று எனக்கும் நியாயமாகப் பட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, தெருப் பெண்கள் நான்கைந்து பேர் வாசலில் கூடி நிற்க, நான் தட்டோடு அதன் முகத்துக்கு எதிரே குனிந்தேன். அது ஒரு சத்தம் போட்டது பார், நாய் போடுகிற சத்தமாகவே அது இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு நடைவழியாக ஓடி, சமையலறையைத் தாண்டி, புழக்கடையில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டது. ஆலம் முழுக்க என் புடவையில். "தெலுங்கு நாயா இருக்கும், தமிழ் ஆலத்துக்குப் பயந்துடுச்சு" என்று நைனா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. கற்பூரக்கடைக் கம்பம் என்று மங்கம்மா சொன்னது எங்கள் ஒருவர் மூளையிலும் ஏறவில்லை. கற்பூர வாசனை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கூட்டமாகச் சேர்ந்து சந்தோஷமாகச் சத்தம் போடுவார்கள், பிறகு தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அர்த்தம்.

அதற்கப்புறம் விறகு அடுக்குதான் அதன் வீடு. நாம் செய்யாதது ஒன்றுமில்லை. நான் பால்சோறு பிசைந்து வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். நான் நிற்கிறேன் என்று அதற்குத் தெரியும், தொடாது. நான் போய்விட்டு வந்தால் தட்டு காலியாக இருக்கும். ஒருவேளை காக்கை தின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்து, உருண்டை பிடித்து வைத்து எண்ண ஆரம்பித்தேன். உன்னை வளர்த்த லட்சணம்தான் அதற்கும். நீயோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பன்னை நீட்டிக்கொண்டு விறகுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய். "வா, வாடா கண்ணா, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று கெஞ்சுவாய். நீ கெஞ்சக் கெஞ்ச அது முகத்தை இன்னும் உள்ளே கொண்டுபோகும். ஒருநாள் பன்னைத் தூக்கி எறிந்துவிட்டு, "நான் அதுக்கு இன்னாம்மா பண்ணேன்?" என்று அழுதாய். எனக்குப் பொறுக்கவில்லை. என் குழந்தையை அழவைக்கிற பிராணி எனக்கு எதற்கு? "கார்த்திகைக்கு அந்தம்மா வந்தா திருப்பி அனுப்பிடலாம். அதுவும் அங்கேயே நிம்மதியா இருக்கும், நீயும் நிம்மதியா இருப்பே" என்றேன். அதன் நன்மைக்காகச் சொல்வதாகத்தான் நானும் நம்பினேன். நீ அன்று முதல் பன் கொண்டு போவதையும் நிறுத்திவிட்டாய்.

இதற்கு நடுவில் நைனாவின் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. உன் பழைய ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் பாடப் புத்தகத்தைத் தேடியெடுத்து உன்னையே வாத்தியாராக வைத்துக்கொண்டார். வாசலில் உட்கார்ந்து படிக்க வெட்கம். சர்க்கார் குமாஸ்தா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆவு, தூட என்று எழுத்துக்கூட்டினால் தெருவில் போகிறவன் என்ன நினைப்பான்? அதனால் புழக்கடைக்கு வந்து, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டார். விறகுக்கு முதுகு. எதிரே நீ ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கையில் ஈர்க்குச்சி வைத்துக்கொண்டு எழுத்துக் காட்டுவாய்.

"ஆவு வச்சிந்தி" என்று இழுத்து வாசிப்பார். பசு வந்தது. "தூட வச்சிந்தி." கன்று வந்தது.

"நைனா, மூணு எழுத்துக்கு இவ்ளோ நேரமா? எங்க கிளாஸ் வெங்கடேசு உன்னைவிட வேகமாப் படிப்பான்."

"வெங்கடேசுக்குப் பொண்டாட்டி புள்ள கீறாங்களா? எனக்கு பயத்துல எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. சும்மா இரு. ஆவு... பாலு... இச்சிந்தி." பசு பால் கொடுத்தது, கன்று பால் குடித்தது என்று போகும் அந்தப் பாடம்.

அவருக்கு அந்த நாயின் ஞாபகமே கிடையாது. அது இருக்கிறதா போய்விட்டதா என்றுகூட அவர் கேட்கவில்லை. அவர் கவலை அவருக்கு. ராகம் போட்டு, திக்கித் திக்கி, சொன்ன வரியையே திருப்பிச் சொல்லி, தினமும் சாயங்காலம் அதே கல், அதே பாடம். ஒருநாள் நான் ஜன்னலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, விறகு இடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது. மறுநாள் மூக்கோடு ஒரு காது. பிறகு ஒருநாள் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்து, அது தலையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீயும் பார்த்துவிட்டாய். உன் கண் விரிந்தது. நான் ஜன்னலிலிருந்து வாயில் விரல் வைத்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் ஒன்றைப் பார்த்தும் பதறிக் கூப்பிடாமல் இருந்தது அன்றைக்குத்தான். அவரிடம் நாம் இரண்டு பேரும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்.

மழை வரும்போல இருந்த ஒரு சாயங்காலம் அது நடந்தது. நான் சோறு வடித்துவிட்டுக் கூப்பிட வந்தேன். விறகுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடத்தை அது வயிற்றால் தேய்த்துக்கொண்டே கடந்து, அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. உன் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நீ பிறந்த அன்று பார்த்தது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது எழுந்து போய்விடும் என்று பயந்து, அதே ராகத்தில், புத்தகத்தைப் பார்த்தபடியே, நம்மிடம் பேச ஆரம்பித்தார்.

"ஆவு வச்சிந்தி... யாரும் கிட்ட வராதீங்க... தூட வச்சிந்தி... கால் மரத்துப்போச்சு..."

"சோறு ஆறுது" என்றேன் மெல்ல.

"ஆவு பாலு இச்சிந்தி... ஆறட்டும்... தூட பாலு தாகிந்தி... மழ வந்தா வரட்டும்... கொடையும் வேணாம் ஒண்ணும் வேணாம்..."

நீ கூடைமேல் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வழிய. தூறல் விழுந்தது. அவர் புத்தகத்தை மட்டும் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, பாடம் மனப்பாடமாகியிருந்ததால், மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அதற்குத் தூடா என்று பெயர் வந்தது. யாரும் வைக்கவில்லை. அந்தச் சொல் வரும்போதெல்லாம் அதன் காது ஆடியது, அவ்வளவுதான்.

கார்த்திகை முடிந்து மங்கம்மா சொன்னபடி வந்தாள். அவள் சாவிக்கொத்துச் சத்தம் நடையில் கேட்டதுமே தூடா எழுந்து ஓடியது. விறகுக்கு என்றுதான் நினைத்தேன். விறகைத் தாண்டிப்போய், தலை துவட்டிக்கொண்டிருந்த நைனாவின் கால்களுக்குப் பின்னால் நுழைந்துகொண்டது. மங்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏமி சார், சரிப்பட்டுச்சா? இன்னும் பயந்துக்கினுதான் கீது."

"பயந்துக்கினுதான் கீது" என்றார் நைனா. "நானும்தான் பயந்துக்கினு கீறேன். எனக்கு இன்னும் ரெண்டு பாடம் பாக்கி இருக்குது. அது இல்லாம எனக்குப் படிப்பு ஏறாது. நீ போய்ட்டு வாம்மா."

கண்ணு, அவரிடம் ஏன் வந்தது என்று நான் எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறேன். அவர் நம்மைவிட நல்லவர் என்பதால் இல்லை. பால்சோறு பிசைந்தது நான், அதற்காக அழுதது நீ. ஆனால் நாம் இரண்டு பேரும் அதன் எதிரே போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். சாப்பிடு, வா, பயப்படாதே, என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல். கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தோம். ஏற்கெனவே எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு வந்த ஜீவனிடம் இன்னும் என்ன இருக்கிறது கொடுப்பதற்கு? அவர் ஒன்றும் கேட்கவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, தினமும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் இருந்தார். இந்த ஆள் நாளைக்கும் இங்கே இருப்பான் என்று அதற்குத் தோன்றியிருக்கும். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

உன்னை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றைக்கு நானும் இருந்தேனே. வாசல் நிறையக் கூட்டம். யாரோ ஒரு அம்மாள் ஆலத் தட்டைக் கோமளாவின் கையில் திணித்து, "இதான்டி உங்கம்மா, அம்மான்னு கூப்புடு, கூப்புடு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அந்தக் குழந்தை தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், கூச்சம் என்றார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் என் புடவையெல்லாம் மஞ்சள் தண்ணீரான அந்த நாள் எனக்குச் சட்டென்று வந்துவிட்டது. இதற்கு முன்னால் அந்த வாசலில் அவ்வளவு கூட்டம் கூடியது எதற்காக இருந்திருக்கும்? அவள் அம்மாவை வெளியே தூக்கிவந்த அன்றைக்குத்தான் இருக்கும். அன்றும் யாராவது அவள் முதுகில் கைவைத்து, பார்த்துக்கோ, கூப்பிடு என்று தள்ளியிருப்பார்கள். நீ அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, கண்ணு. நீ கூட்டத்தோடு வந்தாய், அவ்வளவுதான்.

இன்னொன்றும் பார்த்தேன். உன்னிடம் அப்போது சொல்லவில்லை. உள்ளே எல்லோரும் பந்தியில் இருந்தபோது, அவள் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து, உன் தலையிலிருந்து உதிர்ந்த மல்லிகையையெல்லாம் பொறுக்கிவைத்துக்கொண்டு வாழைநாரில் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன விரல்கள் போன வேகத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்கத் தோன்றி, கேட்காமல் வந்துவிட்டேன். கேட்க வேண்டியதில்லை, பார், அது அவளைப் பெற்றவளின் கை என்று தெரிந்தது.

நீ பூக் கட்டுவது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சொல்லியும் உனக்கு அது வரவில்லை. நீ கட்டிய சரம் வாசலைத் தாண்டுவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். அதனால் உதிரிப்பூவாக வாங்கு. சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து கட்டு. அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார். "இது எப்படிம்மா கட்டுறது?" என்று சாமர்த்தியமாகக் கேட்டுவிடாதே, குழந்தைகளுக்குச் சாமர்த்தியம் தெரிந்துவிடும். உண்மையாகவே கட்டு, உண்மையாகவே உதிரட்டும், அதையே தலையில் வைத்துக்கொண்டு போ. அவள் வந்து பிடுங்கிக் கட்டித்தருவாள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதை எதிர்பார்த்துக்கொண்டும் நீ உட்காராதே. நைனா எதிர்பார்த்திருந்தால் அது வந்திருக்காது.

எல்லாம் சரியாகிவிடும் என்றும் பொய் சொல்ல மாட்டேன். தூடாவுக்கு இப்போது மூக்கு நரைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் கற்பூரம் ஏற்றினால் இன்றைக்கும் எழுந்து புழக்கடைக்குப் போய்விடுகிறது. நான் பூஜை முடித்து, வாசனை அடங்கியதும் கதவைத் திறந்துவைப்பேன். அதுவாக உள்ளே வரும். கோமளாவுக்கும் அப்படி ஒன்று கடைசிவரை இருக்கும். அது உன்மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. அம்மா என்று கூப்பிடச் சொல்லாதே. அவளுக்கு எது வாயில் வருகிறதோ அதைக் கூப்பிடட்டும். ஒன்றுமே கூப்பிடாவிட்டாலும் நீ திரும்பிப் பார்.

மாப்பிள்ளையிடம் இதை மட்டும் நான் சொன்னதாகச் சொல்லு. பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவளே கேட்டால் உடனே கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே இருந்து திரும்பக் கூட்டிவாருங்கள். ஆனால் கொஞ்ச நாளைக்கு விட்டுவைக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அலிபிரிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனவர்களும் கொஞ்ச நேரம்தான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். எனக்கு வரத்தான் ஆசை. வந்தால் நானும் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று அவளையும் உன்னையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டுக்கு இன்னும் ஒரு ஜோடிக் கண் வேண்டாம். நீ போன ஊர் இப்போது மதராஸ் ராஜ்யம் என்கிறார்கள். எனக்கு அது ரயிலில் நகரியைத் தாண்டினால் வருகிற ஊர், அவ்வளவுதான். நீங்கள் கூப்பிடும்போது வருகிறேன். நைனா சொன்னார், "எழுதுறதுதான் எழுதுறே, நான் பரீட்சையில மொதல் தபா பெயிலானதையும் எழுது, மாப்பிள்ளைக்குத் தைரியமா இருக்கும்." எழுதிவிட்டேன்.

நாளைக் காலை ரயிலில் வருகிற நம் தெருக்காரர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு தகர டப்பாவில் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கென்று சொல்லிக் கொடுக்காதே. கூடத்தில் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் மூடியைத் திறந்து வை. நீ உள்ளே போய் உன் வேலையைப் பார். எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணாதே.

உன் அம்மா